எப்பா என்றால் வேண்டாம்

இன்று காலை இரத்தோட்டை பஸ்ஸில் ஒரு சிங்களக் குழந்தை, தாய் நீட்டிய பிஸ்கட்டைத் தள்ளிவிட்டு, "எப்பா, எப்பா" என்றது. சிங்களத்தில் அதற்கு வேண்டாம் என்று பொருள். உடனே எல்கடுவயில் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவின் புளித்த பால் வாடை என் மூக்கில் ஏறியது.

அம்மா கொழுந்தெடுக்கப் போகும்போது என்னையும் தம்பியையும் அங்கே விட்டுப்போவார். மூன்று வயதாகியும் தம்பிக்கு ஒரே சொல்தான். அப்பா சாப்பிட உட்காரும்போது, "ஏப்பா, வாப்பா" என்று அவனை அழைப்பார். அதைப் பிடித்துக்கொண்ட அவன், யாரைக் கூப்பிடவும் எதைக் கேட்கவும் "எப்பா" என்பான்.

பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாம்மா சிங்களப் பெண். அவர் ரொட்டியை நீட்டுவார். தம்பி ஆசையோடு "எப்பா" என்பான். அவர் அதை அடுத்த பிள்ளைக்குக் கொடுத்துவிடுவார். தம்பி அந்தப் பிள்ளையின் கையைக் கடிப்பான்.

"கடிநாயி வருதுடோய், ஓடுங்க!" என்று மற்றவர்கள் கலைவார்கள். "எப்பா, எப்பா" என்று கூப்பிட்டபடி இவன் பின்னால் ஓடுவான். ஒருவரும் நின்றதில்லை.

சில மாதங்களில் அந்தச் சொல்லையும் விட்டுவிட்டு மூலையில் உட்கார்ந்தான்.

"இப்ப நல்ல புள்ள. சத்தம் இல்ல, கடி இல்ல" என்று ஆயாம்மா தனக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழில் மெச்சினார்.

"எம் புள்ள சமத்தாயிட்டான்" என்று அம்மா பூரித்துப்போனார்.

பள்ளியில் சிங்களம் படித்த பிறகே நடந்தது என்னவென்று எனக்குப் புரிந்தது. தம்பிக்கு இப்போது நாற்பது வயது. பேச்சு வந்துவிட்டது. ஆனால் பசித்தாலும் கேட்கமாட்டான்; யாராவது பார்க்கும்வரை அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருப்பான்.