ஒட்டுசுட்டானுக்குப் போகும் வழியில் விழுந்த மலை

ஆவணி மாதத்துச் சனிக்கிழமை, காலை எட்டரை மணிக்கு உருத்திரபுரம் சந்தியிலிருந்து எங்கள் மினிபஸ் புறப்பட்டது. ஒட்டுசுட்டான் சிவன் கோயிலுக்குப் போய்வர ஆளுக்கு ஆயிரத்து இருநூறு ரூபா என்று பேசி, அயலட்டத்துக் குடும்பங்கள் சேர்ந்து பிடித்த வாகனம். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நேர்த்தி. எனக்கும் மனைவி பரமேஸ்வரிக்கும் இருந்த காரியம், மகளின் புதுவீட்டுக் குடிபூரல்.

மகள் சுகந்தி கலியாணம் முடித்து நோர்வேயில் இருக்கிறாள். மருமகன் மீன் தொழிற்சாலையில், அவள் வயோதிபர் இல்லத்தில் வேலை. கடலோரத்துச் சின்ன ஊர். அதன் பெயரை என் நாக்கு இன்றுவரை சரியாகச் சொல்லாது. அங்கே வீடு வாங்கி, அன்று காலை ஒன்பது மணிக்குப் பால் காய்ச்ச நாள் வைத்திருந்தோம். எங்களுக்கு அது மத்தியானம் பன்னிரண்டரை. அந்த நேரத்தில் சிவன் சந்நிதியில் அவள் பெயருக்கு அர்ச்சனை செய்து, போனில் முகம் பார்த்து வாழ்த்துவதாக ஏற்பாடு. "அப்பா வாழ்த்தின பிறகுதான் அடுப்பு மூட்டுவன்" என்று சொல்லியிருந்தாள்.

அந்த வீட்டைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு வீடுகளின் படங்களை அனுப்பி, எது நல்லது என்று கேட்டிருந்தாள். ஒன்று மலைச்சரிவில் மேலே, தெற்கு வாசல். மற்றது கீழே தண்ணீரோரம், கிழக்கு வாசல். கிளிநொச்சியில் எங்களுக்குப் பழக்கமான சாத்திரியாரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி, போட்டு, பார்த்துவிட்டு, "கன்னி மூலையிலை மலை, ஈசானத்திலை தண்ணி. தேடித் திரிஞ்சாலும் இப்பிடி ஒரு காணி கிடையாது. கிழக்கு வாசலை விடாதேங்கோ" என்றார். மகளும் "சரியப்பா" என்றாள். அந்தப் படத்தைப் பெரிதாக எடுப்பித்துச் சாமியறையில் வைத்திருந்தோம். அன்று அது பரமேஸ்வரியின் கைப்பையில், அர்ச்சனைத் தட்டில் வைப்பதற்காக எங்களோடு வந்தது.

ஒன்பது மணிக்குக் கிளிநொச்சி. தேவாரம் முடிந்ததும் சாரதி ரூபன், கண்ணாடிக்கு மேலே தொங்கிய சின்ன ரீவியில் படம் ஒன்றைப் போட்டார்.

"தம்பி, கோயிலுக்குப் போறம். சாமிப் படம் ஒண்டும் இல்லையோ?" என்று பரமேஸ்வரி கேட்டாள்.

"சாமிப் படமெல்லாம் வீட்டிலை கிடக்கு அம்மா. இது வெள்ளைக்காரப் படம், ஆனால் தமிழிலை கதைப்பினம். நல்ல மலையெல்லாம் வரும்."

பின் இருக்கையிலிருந்து செல்லம்மாக்கா, "மலையா? போடு தம்பி, போடு. மலையக் கண்டு எத்தன வருசமாச்சு!" என்றா. அவா தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை அறைகளில் ஒன்றில் பிறந்து, சின்ன வயதில் வன்னிக்கு வந்து குடியேறி, எங்களுக்குப் பக்கத்து வயல் செய்கிறவா. ஊரில் எவ்வளவு காலம் இருந்தாலும் மலைநாட்டுப் பேச்சு அவாவை விட்டுப் போகவில்லை.

படத்தில் நீலத் தண்ணீர், இரு பக்கமும் செங்குத்தாக மலை, அடியில் சிவப்பும் வெள்ளையுமாகச் சின்ன வீடுகள். பார்த்த உடனே பரமேஸ்வரி என் தொடையில் தட்டினாள். "இஞ்சாருங்கோ, சுகந்தியின்ரை ஊரைப்போலயெல்லோ கிடக்கு!" சற்று நேரத்தில் அது நோர்வேதான் என்று தெரிந்தது. பெருமை தாங்கவில்லை எங்களுக்கு. "எங்கடை பிள்ளை இருக்கிற நாடு" என்று முன்னுக்கும் பின்னுக்கும் திரும்பிச் சொன்னோம். "அப்ப மருமோனும் படத்திலை வருவாரோ?" என்று ஒருவர் பகிடி விட்டார்.

முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிற்பாட்டினோம். அங்கே இறங்காமல் ஏ‑9 வீதியில் யார் போவார்? கற்பூரம் கொளுத்தி, தேங்காய் உடைத்து, சுடச்சுட வறுத்த கச்சான் கடலை வாங்கிக்கொண்டு ஏறினோம். மாங்குளத்தில் இடப்பக்கம் திரும்பியதும் வீதியின் இரு புறமும் காடு. கச்சான் கோது உடைக்கும் சத்தமும் படத்தின் சத்தமும்தான். அதுவரை ஒரு குடும்பக் கதையாகத்தான் படம் போய்க்கொண்டிருந்தது. மலையில் ஒரு வெடிப்பு, அதை இரவு பகலாகக் கருவி வைத்துப் பார்க்கும் மனிதர்கள், ஏதோ சரியில்லை என்று சொல்லும் ஒருவர், அவர் சொல்லைக் கேட்காத மற்றவர்கள்.

பிறகு மலை விழுந்தது.

எப்படிச் சொல்வது? வரம்பை மண்வெட்டியால் கொத்தினால் ஈரமண் கழன்று வாய்க்காலுக்குள் சரியுமே, அப்படி ஒரு மலையின் பாதி கழன்று தண்ணீருக்குள் போனது. அந்தத் தண்ணீர் எழும்பி நின்றது. அபாயச் சங்கு ஊதுகிறது. சனம் வாகனங்களை விட்டு மேட்டை நோக்கி ஓடுகிறது. தூக்கத்தில் எழுப்பிய பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு தகப்பன்மார் ஓடுகிறார்கள். பின்னால் ஒரு கறுப்புச் சுவர் வருகிறது. கடல் எழும்பி வந்ததை முல்லைத்தீவுச் சனம் கண்டது, நாங்களும் அறிவோம். ஆனால் மலையும் தண்ணீரும் சேர்ந்து ஓர் ஊரைக் கொல்லும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. பஸ்ஸில் கச்சான் உடைக்கும் சத்தம் நின்றுவிட்டது.

பரமேஸ்வரி கைப்பையைத் திறந்து, வீட்டுப் படத்தை எடுத்து, ரீவிக்கு நேரே பிடித்தாள். அங்கேயும் மலை, இங்கேயும் மலை. அங்கேயும் தண்ணீர், இங்கேயும் தண்ணீர். நடுவில் எங்கள் பிள்ளை வாங்கிய மஞ்சள் வீடு.

"பாருங்கோ. கன்னி மூலை எண்டாரே, அந்த மலைதான் விழும். ஈசானம் எண்டாரே, அந்தத் தண்ணிதான் எழும்பும். நடுவிலை பிள்ளையை இருத்தப் போறம்."

"இது படமப்பா. சும்மா எடுக்கிறது" என்றேன். என் குரல் எனக்கே நம்பும்படி இல்லை.

செல்லம்மாக்கா எழுந்து முன்னுக்கு வந்து படத்தை வாங்கிப் பார்த்தா. "நெசந்தான் அண்ணே, மலை சரியும். நாங்க லயத்துல இருந்தப்ப மேல் லயத்துல ரெண்டு காம்பரா மண்ணுக்குள்ள போயிருச்சு. மொத நாளு ஊத்துத் தண்ணி சேறாக் கலங்கி வந்துச்சு. எங்கப்பா எங்களத் தூக்கிக்கிட்டுக் கோயில்ல போய்ப் படுத்தாரு. மத்தவங்க சிரிச்சாங்க." படத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்து, திருப்பித் தந்தா.

"பால் காய்ச்ச வேண்டாமெண்டு சொல்லுங்கோ. இப்பவே எடுங்கோ" என்றாள் பரமேஸ்வரி. எடுத்தேன். காட்டுக்குள் போனில் ஒரு சிக்னல் கோடுகூட இல்லை. ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்த்தேன். யானைவேலியும் வெயிலும் தவிர வேறொன்றும் இல்லை. மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் இருபத்தைந்து கிலோமீற்றர் அளவில் வரும். அன்று அது முடியவே மாட்டேன் என்றது.

பதினொன்றேகால் போலக் கோயில் வாசலில் பஸ் நின்றது. ஒருவரும் இறங்கவில்லை. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான். சிவபெருமான் உள்ளே இருக்க, அடியார்கள் நாங்கள் வாசலில் பஸ்ஸுக்குள் இருந்து, தண்ணீருக்குள் அகப்பட்ட அந்தக் குடும்பம் தப்புமா என்று பார்த்துக்கொண்டிருந்தோம். ரூபனும் இயந்திரத்தை நிற்பாட்டிவிட்டு ஸ்ரியரிங்கில் நாடியை வைத்துப் பார்த்தார். அவர்கள் தப்பினார்கள். எல்லோரும் பெருமூச்சு விட்டு எழும்பும்போது, படத்தில் ஒரு குரல் சொன்னது: இப்படி முன்பும் நடந்திருக்கிறது, அந்த மலை இன்றும் அசைந்துகொண்டிருக்கிறது, அது விழும் என்பது நிச்சயம், எப்போது என்றுதான் தெரியாது.

பரமேஸ்வரி இறங்கி, செருப்பைக் கழற்றாமலே கோயில் வீதியில் நின்றாள்.

போனில் கோடுகள் வந்திருந்தன. எடுத்தேன், மணி அடித்து நின்றது. மறுபடியும் எடுத்தேன். மருமகனுக்கும் எடுத்தேன், அவரும் இல்லை. சாமான் ஏற்றிக்கொண்டிருப்பார்கள் என்று ஒரு மனம் சொன்னது. மற்ற மனத்தில் அந்தக் கறுப்புச் சுவர் நின்றது. கேணியடியில் கால் கழுவி உள்ளே போனோம். கையில் தட்டு, தட்டில் தேங்காய், பழம், வெற்றிலை. வீட்டுப் படத்தை வைப்பதா, விடுவதா என்று தெரியவில்லை. அந்த வீட்டை ஆசீர்வதிக்கச் சொல்லி ஆண்டவனை எப்படிக் கேட்பது? வேண்டாம் என்று சொன்னால் பிள்ளைகள் எங்கே போவார்கள்? பழைய வீட்டைப் பூட்டித் திறப்பையும் கொடுத்துவிட்டார்கள். வாழ்க்கையில் முதற்தடவையாக ஒரு சந்நிதியில் என்ன கேட்பதென்று தெரியாமல் நின்றேன்.

மத்தியானப் பூசைக்கு மணி அடிக்கத் தொடங்கும்போது போன் அடித்தது. வெளி மண்டபத்துக்கு ஓடினேன், பரமேஸ்வரி பின்னால். சுகந்தி பட்டுச் சேலை, நெற்றியில் விபூதி, பின்னால் சுவரோடு பெட்டிகள்.

"அப்பா, ஏன் இவ்வளவு தரம் எடுத்தனீங்கள்? அம்மாவுக்கு ஏதுமோ?"

"பிள்ளை, அடுப்பை மூட்டாதை" என்றாள் பரமேஸ்வரி. மலை, அலை, சங்கு, ஓடிய சனம் எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னாள். மகள் சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை. கதிரையில் இருந்துவிட்டாள்.

"அந்தப் படம் நாங்களும் பாத்தனாங்கள் அம்மா. எங்கடை மலையிலும் வெடிப்பு இருக்கு. அதையும் கருவி வைச்சு அளக்கினம்."

"தெரிஞ்சோ மோனை வாங்கினனீ?"

"அப்பா, கோவிக்காதேங்கோ." அவள் கண் கலங்கியது. "நான் வாங்கினது நீங்கள் சொன்ன வீடில்லை."

பூசை மணி இடைவிடாமல் அடித்தது. நாங்கள் இருவரும் போனில் தலையைச் சேர்த்துக் குனிந்தோம்.

"கொம்யூன் எண்ட ஊர்ச்சபைக் கந்தோரிலை ஊர்ப்படம் ஒண்டு தந்தவை. அலை வந்தால் தண்ணி எந்த மட்டத்துக்கு வருமெண்டு கோடு கீறியிருக்கு. நீங்கள் சொன்ன வீடு கோட்டுக்குக் கீழை. தெற்கு வாசல் வீடு மேலை. அதைத்தான் வாங்கினனாங்கள். சாத்திரியார் சொன்னவர் எண்டு நீங்கள் அவ்வளவு சந்தோசப்பட்டனீங்கள், படத்தைச் சாமியறையிலை வேறை வைச்சிட்டியள். எனக்குச் சொல்ல வாய் வரேல்லை. இண்டைக்கு உங்களைக் கொண்டு பொய்யாய் வாழ்த்துவிக்கப் பாத்தன் அப்பா."

பரமேஸ்வரி என் கையிலிருந்து போனைப் பறித்தாள். ஏசப்போகிறாள் என்று பயந்தேன். அவள் உள்வீதிக்கு நடந்து, கருவறையின் தெற்குச் சுவரடியில் நின்று, போனைத் திருப்பிப் பிடித்தாள். "இஞ்சை பார் பிள்ளை, ஆர் இருக்கிறது? தெட்சணாமூர்த்தி. எங்கை பாத்துக்கொண்டு இருக்கிறார்? தெற்கை. அவருக்கே தெற்கு வாசல் சரியெண்டால் உனக்கென்ன குறை? போய்ப் பாலைக் காய்ச்சு!"

ஐம்பத்தொன்பது வயதுவரை அவரைச் சுற்றிக் கும்பிட்டிருக்கிறேன். அவர் எந்தத் திசையைப் பார்க்கிறார் என்று அன்றுதான் யோசித்தேன்.

பால் பொங்கியது. நாங்கள் இங்கிருந்து வாழ்த்தினோம். மகள் குசினி ஜன்னலால் ஊரைக் காட்டினாள். கீழே, வெகு கீழே, மஞ்சள் வீடு தண்ணீரோரம் அழகாக நின்றது. அதில் யாரோ குடியிருக்கிறார்கள், கொடியில் உடுப்பு காய்ந்தது. ஆண்டவனே, அவர்களையும் பார்த்துக்கொள் என்று மனதுக்குள் சொன்னேன்.

போனை வைக்குமுன் சுகந்தி கேட்டாள்: "இஞ்சை சங்கு ஊதினால் எந்தப் பாதையாலை ஏறி ஓடவேணுமெண்டு எல்லா வீட்டுக்காரருக்கும் தெரியும். நீங்கள் குளத்துக்குக் கீழையெல்லோ இருக்கிறியள். குளக்கட்டு உடைஞ்சால் எங்கை ஓடுவியள்?"

"அது எங்களுக்குத் தெரியும் பிள்ளை" என்றேன்.

மூன்று மணிக்குத் திரும்பினோம். எல்லோருக்கும் சர்க்கரைப் பொங்கல் கொடுத்து, மகள் கதையையும் சொன்னேன். பிறகு பகிடியாகத்தான் கேட்டேன்: "எங்கடை குளம் உடைஞ்சால் நாங்கள் எங்கை ஓடுறது?"

பஸ் முழுவதும் ஒரே குரலில் சொன்னது: "குளக்கட்டுக்கு!"

எங்கள் ஊர் தட்டை. வெள்ளம் வந்த மாரியில் எல்லாம் மாடு கன்றோடு குளக்கட்டில் ஏறி, அங்கே இருக்கும் பிள்ளையாரடியில் கஞ்சி காய்ச்சியவர்கள் நாங்கள். வேறு மேடு ஏது?

ரூபன் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். "உடைஞ்ச கட்டிலையோ ஏறப்போறியள்?"

முதலில் சிரித்தோம். பிறகு சிரிப்பு முன் இருக்கையிலிருந்து ஒவ்வொன்றாக நின்றது. பள்ளிக்கூட மேல்மாடி என்றார் ஒருவர். அதுக்கு வாய்க்காலைக் கடக்கவேணுமே என்றார் இன்னொருவர். செல்லம்மாக்கா மெதுவாக, "அங்க மலைய அளக்க ஆளு இருக்கு. நம்ம கட்ட நாமதானே பாக்கணும்" என்றா.

பொழுது சாய முன் வீட்டுக்கு வந்துவிட்டோம். பரமேஸ்வரி மஞ்சள் வீட்டுப் படத்தைச் சாமியறையில் திரும்ப வைக்கவில்லை. "வாங்கோ, ஒருக்கால் பாத்திட்டு வருவம்" என்று முன்னால் நடந்தாள். குளக்கட்டில் ஏறினோம். பிள்ளையாருக்கு ஒரு கும்பிடு. கோடை முற்றிய குளத்தில் தண்ணீர் எங்கோ நடுவில் கிடந்தது. மாடுகள் குளத்தின் வறண்ட அடியில் இறங்கி மேய்ந்தன. பயப்பட ஒன்றும் இல்லாத காட்சி. இந்தக் கட்டில் நான் எத்தனையோ ஆயிரம் தரம் நின்றிருக்கிறேன், எப்போதும் குளத்தைப் பார்த்து. அன்று மறுபக்கம் திரும்பினேன்.

எங்கள் கூரை ஓடு தெரிந்தது. சாத்திரப்படி கட்டிய கிழக்கு வாசல். கடைசி வெள்ளத்தில் தண்ணீர் உள்ளே வந்ததும் அந்த வாசலால்தான். மேலே நின்று பார்க்கும்போதுதான் எங்கள் வீடு எவ்வளவு கீழே இருக்கிறது என்று தெரிந்தது.

போன் அதிர்ந்தது. மகள் எழுதியிருந்தாள்: "அப்பா, எங்கை ஓடுறதெண்டு சொல்லேல்லை?"

பரமேஸ்வரியும் நானும் நாலு திசையும் பார்த்தோம். இருட்டுவதற்குள் ஒரு மேட்டைக் கண்டுபிடித்துவிடவேண்டும் போல, கண்ணை இடுக்கிக்கொண்டு, வெகுநேரம் பார்த்தோம்.