கிடாவுக்கும் எனக்கும் ஒரே சோப்பு

கருப்பர் கோயில் பொட்டலுக்கு அன்று வந்திருந்தவர்கள்: அப்பா, நான், கானாடுகாத்தானிலிருந்து அப்பாவின் தங்கையான அயித்தை, பங்காளி வீட்டுச் சனம் ஒரு வேன் நிறைய, பூசாரி, சமையல்காரர், பிறகு அந்தக் கிடா. வராதவர் ஒருவர்தான். கிடாவை நேர்ந்துவிட்ட என் அம்மா. அம்மா இறந்து ஒரு வருசம் கழிந்திருந்தது.

அது எனக்காக நேர்ந்த கிடா. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துப் படியேறிய முதல் ஆள் நான். அரசாங்க வேலைக்குப் பரீட்சை எழுதியபோது, நான் பாஸாகிவிட்டால் கருப்பருக்குக் கருங்கிடா வெட்டிப் பொங்கல் வைப்பதாக அம்மா வேண்டிக்கொண்டாள். வேலைக்கு ஆர்டர் வந்த வாரமே, பால்குடி மறந்த குட்டி ஒன்றை வாங்கி, காது நுனியைக் கத்தரித்து அடையாளம் வைத்து, இது கருப்பருடையது என்று தெருவுக்கே சொல்லிவிட்டாள். குட்டி பெருத்ததும் வெட்டுவதாக இருந்தது. அதற்குள் காய்ச்சலில் விழுந்தவள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பவில்லை. கேதம் விழுந்த வீட்டில் ஒரு வருசத்துக்குக் கோயில் காரியம் செய்யக் கூடாது என்பது எங்கள் வழக்கம். ஆகவே கிடாவுக்கு ஒரு வருசம் கூடுதலாகக் கிடைத்தது. அந்த ஒரு வருசத்தில்தான் அது என் அப்பாவை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டது.

அம்மாவின் காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் கலைந்தபின் அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவர் வாழ்நாளெல்லாம் அடுத்தவர் வயலில் கூலி வேலை பார்த்தவர். முழங்கால் தேய்ந்துபோய் வேலைக்குப் போவதை நிறுத்தி இரண்டு வருசமாகியிருந்தாலும், அம்மா இருந்தவரை டீக்கடைக்காவது போய் வருவார். இப்போது அதுவும் இல்லை. சவரம் இல்லை. தட்டில் வைத்த சோறு அப்படியே காய்ந்து கிடக்கும். காரைக்குடிக்கு அழைத்துப் போய் டாக்டரிடம் காட்டினேன். வயசான காலத்தில் துணையை இழந்தவர்களுக்கு வருகிற மனச்சோர்வு என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார். "மாத்திரைய விட நீங்க பக்கத்துல உக்காந்து பேசுறதுதான் மருந்து தம்பி" என்றார்.

எனக்கு அது பெரிய பொறுப்பாகப் பட்டது. ஆபீஸ் விட்டதும் முதல் டவுன் பஸ்ஸைப் பிடித்து வந்து அவர் அருகில் உட்காருவேன். படிக்கத் தெரியாதவருக்குப் பேப்பர் படித்துக் காட்டுவேன். தொடுதிரை போன் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். "சரிங்க தம்பி" என்பார். "ஆகட்டும் தம்பி" என்பார். அதோடு சரி. வேலைக்கு ஆர்டர் வந்த நாளிலிருந்தே என்னை அவர் 'டேய்' என்று கூப்பிடுவதை விட்டுவிட்டார். ஆபீஸ் உத்தியோகம் பார்க்கிற யாரைக் கண்டாலும் தோளில் கிடக்கும் துண்டை இறக்கிப் பழகியவர். நான் சட்டையை உள்ளே விட்டு இன் பண்ணிக்கொண்டு வாசலில் நுழைந்தால், படுத்திருப்பவர் எழுந்து உட்கார்ந்துவிடுவார். பெற்ற தகப்பன் என்னைப் பார்த்து எழுந்து உட்காருவதைப் பார்த்துக்கொண்டே நான் செருப்பைக் கழற்றுவேன்.

ஒரு மழை நாளில் நான் வீடு வந்தபோது கிடா உள்ளே இருந்தது. கொட்டகை ஒழுகியதால் அதுவாக வந்துவிட்டதாம். அப்பாவின் தொடையில் தலையை வைத்துப் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. அப்பா அதன் கொம்பின் அடியைச் சொறிந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டும் எழுந்து உட்காரவில்லை. தொடை அசைந்தால் அது எழுந்துவிடுமாம்.

அதற்கப்புறம் அப்பா எழுந்து நடமாட ஆரம்பித்தார். கிடாவுக்குக் குழை ஒடிக்க வேண்டுமே. முழங்கால் வலியோடு கண்மாய்க்கரை வரைக்கும் போய் வேம்பும் பூவரசும் ஒடித்துக்கொண்டு வருவார். வழியில் கருவேல நெற்று பொறுக்கி மடியில் கட்டி வருவார். கிடா தின்கிறபோது பக்கத்தில் உட்கார்ந்து தானும் சோற்றுத் தட்டைக் கையில் எடுப்பார். நான் மாதக்கணக்கில் கெஞ்சி நடக்காதது எல்லாம் நடந்தது. சந்தோசப்பட வேண்டியவன்தான். பட்டேன். ஆனால் நான் வாங்கிக் கொடுத்த போனில் டார்ச் மட்டும் போட்டு அப்பா கிடாவின் குளம்பில் முள் பார்த்துக்கொண்டிருந்த அன்று எனக்கு வயிறு எரிந்தது. உண்மையைத்தான் எழுதுகிறேன். நாலு காலும் ஒரு வாலும் உள்ள ஒன்றின் மேல் எனக்குப் பொறாமை.

"வீடெல்லாம் கிடா மொச்சை அடிக்குதுப்பா. ஆபீஸ்ல பக்கத்து சீட்டுக்காரரு மூக்கப் பொத்துறாரு" என்றேன் ஒரு நாள். பக்கத்து சீட்டுக்காரர் ஒன்றும் மூக்கைப் பொத்தவில்லை. கிடாவைக் கொட்டகையில் கட்டச் சொல்வார் என்று நினைத்துச் சொன்னேன்.

"அப்புடீங்களா தம்பி" என்றார் அப்பா.

மறுநாள் காலை கொல்லைப்பக்கம் அடிகுழாய்ச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். அப்பா கிடாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். எங்கள் பக்கம் மாட்டைக் குளிப்பாட்டுவார்கள். வெள்ளாட்டைக் குளிப்பாட்ட யாரும் நினைக்க மாட்டார்கள், நாலு தூறல் விழுந்தாலே இறவாரத்துக்கு ஓடுகிற சாதி அது. முதல் நாள் அப்பாவை இழுத்துத் தள்ளிவிட்டுத்தான் ஓடியது. அப்பா விடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கினார். பிறகு வாளிச் சத்தம் கேட்டாலே தானாக வந்து நிற்க ஆரம்பித்தது. சோப்பு என்னுடையது. முதல் சம்பளத்திலிருந்தே எனக்கென்று நான் வாங்கிவந்த ஒரே ஆடம்பரம் அந்தச் சந்தன சோப்பு. நானும் கிடாவும் ஒரே வாசனையில் ஆளுக்கொரு திசையில் கிளம்புவோம்.

குளிப்பாட்டும்போது அதனிடம் பேசுவார். என்னிடம் பேசாததெல்லாம் பேசுவார்.

"கண்ண மூடுடா. எரியும்ல? ஒங்க ஆத்தா இருந்திருந்தா ஒனக்கு வெந்நியே போட்டிருப்பா. என்னைய வெரட்டிப்புட்டு அவளே குளிப்பாட்டுவா."

ஒங்க ஆத்தா. என் அம்மா அதற்கு ஆத்தாவாம். 'டா' கூட அதற்குத்தான்.

அம்மா கடைசியாக என்ன சொன்னாள் என்று அப்பாவிடம் நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அன்று நான் ஆஸ்பத்திரி வாசலில் மருந்துச் சீட்டோடு வரிசையில் நின்றிருந்தேன், உள்ளே அப்பா மட்டும்தான் இருந்தார். கேட்கும்போதெல்லாம் "ஒண்ணும் சொல்லல தம்பி" என்பார். ஒரு காலையில் பல் விளக்கிக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றபோது அதை அவர் கிடாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"போற நேரத்துல என்னா சொன்னா தெரியுமாடா? கொட்டகையில ஓலை பிஞ்சிருக்கு, குட்டி நனையும், மாத்திப் போடுங்கன்னா. எனக்கொரு வார்த்த சொன்னாளா? ஒன்னையத்தேன் சொன்னா."

வாயில் நுரையோடு நின்றேன். என்னையும் சொல்லவில்லை, அப்பாவையும் சொல்லவில்லை. அதைச் சொல்லியிருக்கிறாள். அதை என்னிடம் சொன்னால் நான் வருத்தப்படுவேன் என்று அப்பா இத்தனை நாளும் மறைத்திருக்கலாம். ஆனால் எனக்கு அப்போது அப்படித் தோன்றவில்லை. அம்மாவின் கடைசி வார்த்தையும் அதற்கே போயிற்று என்றுதான் தோன்றியது.

வருசம் திரும்பியதும் அயித்தை போன் செய்தார். "கோயில் கடன வச்சுக்கிட்டு எத்தன நாளைக்கு இருக்கிறது? ஒன் உத்தியோகத்துக்கு நேர்ந்ததுடா. நாளப் பாரு." நான் அன்றே நாள் பார்த்தேன். அப்பாவிடம் சொன்னபோது அவர் கிடாவின் கழுத்துக் கயிற்றில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார்.

"செய்வம் தம்பி. ஒங்க ஆத்தா நேர்ந்தது. அவ சொல்லு நிக்கணும்ல" என்றார்.

அன்றிலிருந்து அவர் தட்டில் சோறு மறுபடியும் மிஞ்ச ஆரம்பித்தது. குழை ஒடிக்கப் போனார், குளிப்பாட்டினார், ஆனால் அதனிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். சாயங்காலங்களில் படுக்கையில் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வதைக் கண்டேன். கிடா போனபின் அவர் அந்தச் சுவரிலிருந்து திரும்புவாரா என்று எனக்குப் பயம் வந்தது. இவ்வளவு நாள் அது ஒழியட்டும் என்று நினைத்தவன், பஸ்ஸில் வரும்போதெல்லாம் இதையே நினைத்துக்கொண்டு வந்தேன். கருப்பர் காரியத்தை நிறுத்தவும் துணிவில்லை. நான் வேலையில் உட்கார்ந்திருப்பதே அந்த வேண்டுதலால்தான் என்று அம்மா நம்பினாள், அப்பா நம்புகிறார்.

பொட்டலில் பொங்கல் பொங்கி முடிந்தது. கிடாவுக்கு மாலை போட்டுக் கருப்பர் முன்னால் நிறுத்தினார்கள். யாருக்காக நேர்ந்ததோ அவர் கையால் மஞ்சள் தண்ணீர் ஊற்ற வேண்டும். தண்ணீர் பட்டதும் கிடா உடம்பைச் சிலிர்த்து உதற வேண்டும். துலுக்குவது என்போம். துலுக்கினால் கருப்பர் சம்மதித்தார் என்று அர்த்தம். துலுக்காத கிடாவின் மேல் அரிவாள் படக் கூடாது.

நான் செம்பைச் சாய்த்தேன். கிடா கண்ணை மூடிக்கொண்டது. முதுகை எனக்கு வாகாகத் திருப்பிக் காட்டியது.

இன்னொரு செம்பு ஊற்றினேன். அடுத்த பக்கத்தையும் காட்டியது. மூன்றாவது செம்புக்கு அசைபோட ஆரம்பித்துவிட்டது.

"சாமி கோவமா இருக்கு" என்றார் யாரோ.

"ஆத்தாகாரிக்கு என்னமோ கொறை" என்றார் இன்னொருவர்.

அயித்தை கிடாவின் அருகில் போய் மோந்து பார்த்தார். பிறகு அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். "ஏண்ணே, சந்தன வாசம் அடிக்கிது? இதக் குளிப்பாட்டுனீகளா?"

"தெனமுந்தேன்" என்றார் அப்பா.

"தெனமுமா? வெள்ளாட்டையா? எவன் சொன்னான்?"

"மொச்சை அடிக்கிதுன்னு தம்பி சொன்னாக."

பங்காளிகளில் சிரிப்பு கிளம்பியது. "படிச்ச வீட்டுக் கிடாடா, அதேன் குளிச்சு முழுகி வருது" என்றான் ஒருவன். "சிரிக்காதீகடா" என்று அயித்தை அதட்டினார். "இந்தச் சீமையில வெள்ளாட்டக் குளிப்பாட்டுன குடும்பம் நம்ம குடும்பந்தேன். கருப்பரே, எங்குட்டுப் போயி சொல்றது இத?"

பங்காளி வீட்டுப் பெரியப்பா ஒருவர் என் காதருகில் வந்தார். "வெயில் ஏறுது. சனம் பசியா இருக்கு. காதுக்குள்ள ரெண்டு சொட்டு விடுப்பா. எப்பேர்ப்பட்ட கிடாவும் துலுக்கும்."

எனக்கும் அது தெரியும். செம்பில் தண்ணீர் மீதி இருந்தது. கத்தரித்த காது என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. சாய்க்கப் போனேன்.

அப்போது அப்பா நடுவில் வந்தார். தடுக்க வரவில்லை. கிடாவின் நெற்றியிலிருந்து மஞ்சள் தண்ணீர் கண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. தினமும் காலையில் செய்வதுபோலத் தோளில் கிடந்த துண்டை எடுத்து அதன் கண்ணைத் துடைத்தார், பிறகு காதுக்குள் விரலை விட்டுத் துடைத்தார். "கண்ணத் தொறக்காத, மஞ்சத் தண்ணி காந்தும்" என்றார். அதன்பிறகுதான் ஊரே பார்ப்பதைக் கவனித்திருக்கிறார். துண்டைச் சுருட்டி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு விலகி நின்றார். முகம் செத்துப்போயிருந்தது.

நான் செம்பைக் கீழே வைத்தேன்.

"கருப்பருக்கு இது வேணாம் போல. வேற கிடா பிடிச்சிட்டு வாரேன்" என்றேன். ஆபீஸில் மனுவைத் திருப்பிக் கொடுக்கும்போது வருகிற குரல் எனக்கு அப்போது எப்படியோ வந்துவிட்டது. யாரும் எதிர்த்துப் பேசவில்லை. பூசாரி மட்டும் வழக்கத்தைச் சொன்னார்: வேறு கருங்கிடா கொடுத்தால் வேண்டுதல் தீரும். ஆனால் கருப்பர் வேண்டாம் என்ற இந்தக் கிடாவை இனி விற்கக் கூடாது, வெட்டக் கூடாது. தானாகச் சாகும்வரை நேர்ந்த வீட்டார்தான் வைத்துக் காப்பாற்ற வேண்டும்.

"சாகுற வரைக்குமா?" என்று கேட்டேன்.

"சாகுற வரைக்கும்" என்றார்.

மெயின்ரோட்டில் ஆட்டுக்காரர் ஒருவர் இருந்தார். என் நெற்றியில் விபூதியையும் வேட்டியில் மஞ்சளையும் பார்த்ததுமே வந்த காரியத்தைப் புரிந்துகொண்டார். அவர் சொன்னதுதான் விலை. அந்தப் புதுக் கிடா முதல் சொட்டுக்கே உடம்பை உதறியது. அப்பா அங்கே நிற்கவில்லை. ஆலமரத்துக்கு அங்குட்டுப் போய் நனைந்த கிடாவை வெயிலில் கட்டி, பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். பந்தியில் கறி வேண்டாம் என்றார். ரசஞ்சோறு இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். நான் எட்டி நின்று அதைப் பார்த்தேன்.

திரும்பும்போது கிடாவுக்கென்று ஒரு குட்டியானை வண்டி பிடிக்க வேண்டியிருந்தது. டிரைவருக்குப் பக்கத்தில் இடம் இருந்தது. அப்பாவை அங்கே உட்காரச் சொன்னேன். "நீங்க உக்காருங்க தம்பி, வேட்டி அழுக்காயிரும்" என்று சொல்லிவிட்டுப் பின்னால் கிடாவோடு ஏறிக்கொண்டார். நானும் பின்னாலேயே ஏறினேன். அப்பாவின் ஒரு பக்கம் அது, மறுபக்கம் நான். அரியக்குடி தாண்டியதும் அது தலையை அவர் தொடையில் வைத்துக்கொண்டது. அவர் கை கொம்பின் அடிக்குப் போயிற்று. எனக்கு அப்போதும் பொறாமையாகத்தான் இருந்தது. சாகிறவரைக்கும் என்று பூசாரி சொன்னதை நினைத்துக்கொண்டேன். வெள்ளாடு எத்தனை வருசம் உயிரோடு இருக்கும் என்று யாரிடமாவது கேட்க வேண்டும்.

அப்பா குனிந்து அதன் கழுத்தை மோந்து பார்த்தார்.

"சோப்பு தீந்துபோச்சு தம்பி" என்றார்.

வண்டியைக் கடை ஓரமாக நிறுத்தச் சொல்லி இறங்கினேன். புதுக் கிடா, குட்டியானை வாடகை, சந்தன சோப்பு இரண்டு. எல்லாம் சேர்த்து இருபத்தோராயிரத்து நூற்று நாற்பது ரூபாய் ஆயிற்று.