யுவராஜாவின் கோப்பை

என் அலமாரியில் ஒரு பீங்கான் கோப்பை இருக்கிறது. அதன் மேல் நீல எழுத்தில் 'யுவராஜா' என்று எழுதியிருக்கும். எழுதியது நான்தான்.

அறுபதுகளின் கடைசியில், விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் பொம்மைகளுக்கு வர்ணம் தீட்டிக்கொண்டிருந்தேன். சூளை மேஸ்திரி தீயின் நிறத்தைப் பார்த்தே சூடு சொல்லிவிடுவார். முதலாளிக்கு ஆண்பிள்ளை இல்லை, ஒரே மகள். ஒருமுறை ஒரு சூளைச் சரக்கு முழுவதும் விரிசல் விடாமல் வெந்து வந்தது. அந்தச் சந்தோஷத்தில் முதலாளி மேஸ்திரியைப் பார்த்து, "எனக்கப்புறம் இந்தப் பட்டறைக்கு நீதான்யா யுவராஜா" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். என்னைக் கூப்பிட்டு அதை ஒரு கோப்பையில் எழுதவும் வைத்தார்.

மேஸ்திரி அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. "ராஜாவுக்கு மவனா பொறந்துட்டா மட்டும் யுவராஜா ஆயிட முடியாது தங்கச்சி. ராஜா உசுரோட இருக்கும்போதே, அடுத்தது இவன்தான்னு ஊரறிய சொல்லணும். முதலாளி சொல்லிட்டாங்கல்ல?" என்பார். பக்கத்துப் பட்டறைக்காரர் இரண்டு முறை வந்து, கூட்டுச் சேர்த்துக்கொள்கிறேன் என்று கூப்பிட்டார். இவர் போகவில்லை. தினமும் அந்தக் கோப்பையில்தான் டீ குடித்தார்.

சில வருடங்களில் புதுச் சூளை கட்டினோம். முதல் தீயைப் பட்டறைக்கு உரியவர்தான் வைக்க வேண்டும் என்பது எங்கள் பட்டறை வழக்கம். முதலாளிக்கு அப்போது உடம்பு முடியவில்லை. மகளுக்குக் கல்யாணமாகி மூன்று மாதம் ஆகியிருந்தது. மேஸ்திரி வெள்ளை வேட்டி கட்டி, மனைவியையும் அழைத்து வந்து, பந்தத்தைக் கொளுத்திக் கையில் பிடித்திருந்தார். முதலாளி நாற்காலியில் இருந்தபடியே சொன்னார்: "யுவராஜா, அதை மாப்பிள்ளை கையில குடு. எப்படிப் புடிக்கிறதுன்னு காட்டிக் குடு." மேஸ்திரி காட்டிக் கொடுத்தார். அவர் மனைவி யாரிடமும் சொல்லாமல் வெளியே போய்விட்டார்.

மறுநாளும் மேஸ்திரி வேலைக்கு வந்தார். அந்தப் பெயர் மட்டும் போகவில்லை. பின்னாளில் மாப்பிள்ளையின் நாலு வயது மகள்கூட, "யுவராஜா, மிட்டாய் வாங்கிட்டு வா" என்பாள். இவரும் போய் வாங்கி வருவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். காசு செலவில்லாத ஒரு பட்டத்தைக் கொடுத்தே அந்த மனிதரை அங்கே கட்டிப்போட்டுவிட்டார்கள். முதலாளியை மட்டும் திட்டி என்ன பயன்? கோப்பையை எழுதச் சொன்னபோது அவர் என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார். நானும் சிரித்தேன். அதை மேஸ்திரியிடம் நான் சொல்லவே இல்லை.

தீ வைத்த அன்று சாயங்காலம் அவர் இந்தக் கோப்பையைக் கழுவிக்கொண்டு வந்து என்னிடம் நீட்டினார். "நீ எழுதினதுதானே தங்கச்சி, நீயே வச்சுக்க" என்றார். சூளையில் வெந்து கண்ணாடியாய்ப் படிந்த மெருகுக்கு அடியில் எழுதிய எழுத்து. தேய்த்துப் பார்த்துவிட்டேன், போகவில்லை.