கோயில் கொப்பியில் ஒரு பிள்ளை

“26.12.2004, ஞாயிறு. பெண் பிள்ளை. மூன்று வயதிருக்கும். நெற்றியில் பொட்டு. உரியவர் வரவில்லை.”

கல்முனைக் கடற்கரையோரம் உள்ள பழைய அம்மன் கோயிலின் கொப்பியில் இப்படி எழுதியிருக்கிறது. கடல் ஊருக்குள் வந்த அன்று, உடல்களை இந்த மண்டபத்தில்தான் கிடத்தியிருக்கிறார்கள். கருங்கல் தூண்களின் காலத்தைக் குறித்துக்கொள்ள வந்த நான், கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கருக்கு பதிவுகளைப் புரட்டும்போது கண்ட அந்தப் பக்கத்தைச் சத்தமாக வாசித்துக் காட்டுகிறேன்.

வாசலுக்கு வெளியே ஒரு சைக்கிள் நிற்கிறது. பக்கத்து ஊரான சாய்ந்தமருதின் முஸ்லிம் மீன் வியாபாரி. பின்னால் மீன்பெட்டி இருப்பதால் உள்ளே வராமல் நின்றே கேட்டிருக்கிறார்.

“எண்ட மகளுக்கும் மூணு வயசுதான். பக்கத்து வீட்டுத் தமிழ் அக்கா விளையாட்டுக்குப் பொட்டு வெச்சு விடுவா. அண்டைக்கும் மகள் அங்கதான் நிண்டவ. உடம்பு கிடைக்கவேயில்ல.”

வண்ணக்கர் நிமிர்கிறார். “இத்தன வருசமா இந்த வாசலாலதானே போறீங்க காக்கா. ஒரு நாள் கேட்டிருக்கலாமே?”

“எரிச்ச எண்டு சொல்லிப்போட்டா நான் என்ன செய்ற, ஐயா?”

வண்ணக்கர் எழுந்து வாசலுக்கு வருகிறார்.

“சின்னப் புள்ளையள நாங்க எரிக்கிறல்ல. அந்தப் புள்ளையையும் மண்ணுலதான் வெச்ச. நானும் நிண்டன்.”

மீன் வியாபாரி சைக்கிளை மதிலில் சாய்த்துவிட்டு, மணலில் அப்படியே உட்கார்ந்துவிடுகிறார்.

“இடத்தக் காட்டுவீங்களா?”

“ஓம், வாங்க.”

இருவரும் கடற்கரை மயானத்தை நோக்கி நடக்கிறார்கள். நான் பின்னால் போகவில்லை. அந்தப் பிள்ளை அவருடைய மகள்தானா என்பது உறுதியாகவில்லை. அதை அவரும் கேட்கவில்லை.