உச்சியில் தலை காணோம்

பள்ளி ஆண்டுவிழாவில் என் மகள் மனிதக் கோபுரத்தின் உச்சியில் நிற்க வேண்டும். நேரில் பார்க்கத் துணிவில்லாமல் உள்ளூர் கேபிள் நேரலையை வீட்டில் பார்த்தேன். ஓரங்களில் கறுப்புப் பட்டை தெரியாதிருக்க எங்கள் டிவி எப்போதும் ‘ஜூம்’மில்தான் இருக்கும். அவள் ஏறினாள். திரையில் கணுக்கால்கள் மட்டும் நடுங்கின.

“ஐயோ, பிள்ளைக்குத் தலைய எங்க?”

கணவர் ரிமோட்டை அழுத்த, ‘வைடு’ வந்தது. முழு உருவமும் தெரிந்தது, ஆனால் பூசணிக்காயாக.

“இம்புட்டு கனத்த கீழ உள்ளவளுவ தாங்குவாளுவளா?”

“ஏட்டி, அது டிவி போட்ட சதை! பைய மூச்சு விடு.”

அடுத்து ‘4:3’. இருபுறமும் கறுப்புப் பட்டை, நடுவில் ஒல்லியாக, கைகளை விரித்துச் சிரிக்கும் என் மகள். அவள் பத்திரமாகத் தரையில் குதித்தாள். கூடத்தில் நானும் குதித்தேன். சிரிப்பு இன்னும் அடங்கவில்லை.