அவ வேலை செய்த கமரா கொம்பனி

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு அளவில் ஜெர்மனியின் டுசல்டோர்ப்பில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்தேன். அறைகளுக்குச் சாப்பாடு கொண்டுபோவதும் நான்தான். இரண்டாம் மாடியில் ஒரு ஜப்பானிய அம்மா இருந்தா. ஜெர்மன்காரரைக் கலியாணம் முடித்து வந்தவ. அவவின் ஜெர்மன் என்னுடையதைவிட எவ்வளவோ நல்லது.

பழஞ்சாமான் சந்தையில் வாங்கிய கமரா ஒன்றை ஒரு வெள்ளிக்கிழமை அவவிடம் காட்டினேன். கேள்விப்படாத பெயர். ஜப்பானில் செய்தது என்று அடியில் பொறித்திருந்தது. அவ தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, கமராவைக் காதோடு பிடித்து ஷட்டரை அமத்தினா. திரும்பவும் அமத்தினா.

“நான் வேலை செய்த இடம்,” என்றா.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு சகோதரர் இருவர் தொடங்கிய கொம்பனியாம். ஒரு கொட்டகை, இருபது பேர்கூட இல்லை. லென்ஸை வெளியில் வாங்கி, மிச்சத்தை அங்கேயே செய்தார்கள். ஷட்டரின் சத்தத்தைக் கேட்டுப் பிழை சொல்வது அவவின் வேலை. பெரிய கொம்பனிகள் விலையைக் குறைத்ததும் கடைக்காரர்கள் இவர்களிடம் வாங்குவதை விட்டுவிட்டார்கள். சில வருடத்தில் எல்லாம் முடிந்தது.

“ஒரு கிழமை என்னட்டை இருக்கட்டுமே?” என்று கேட்டா.

“வீட்டிலை ஒருக்காக் காட்டிப்போட்டு, திங்கள் கொண்டுவந்து தாறன்,” என்றேன்.

அது பொய். தேவாலயத்தில் மகளின் முதல் நன்மைச் சடங்கைப் படமெடுக்க ஒரு டிஜிட்டல் கமரா தேவைப்பட்டது. பழைய கமரா சேர்க்கும் ஒருவர் மாற்றித் தருவதாகச் சொல்லியிருந்தார். சனிக்கிழமை கொடுத்துவிட்டேன். திங்கட்கிழமை அவ கேட்டபோது, “வீட்டிலை மறந்துபோட்டன்,” என்றேன். புதன்கிழமையும் அதையே சொன்னேன். பிறகு அவ கேட்கவில்லை.

அதுதான் என்னை வருத்தியது. கமராவை இரண்டு நாள் இரவலாகவாவது வாங்கலாம் என்று அந்த மனிதருக்கு போன் எடுத்தேன். அதை அமெரிக்காவுக்கு விற்றுவிட்டாராம். அடுத்தநாள் சூப்பை வைத்துவிட்டு அவவிடம் உண்மையைச் சொன்னேன்.

அவ கோபிக்கவில்லை. “எங்கடை மூத்த முதலாளியும் வெள்ளிக்கிழமை, ‘திங்கள் வாங்கோ’ எண்டுதான் சொன்னார். போனால் கதவு பூட்டிக் கிடந்தது. பூட்டப்போறதெண்டு சொல்லியிருந்தால், கடைசியாச் செய்த கமராவை ஒருக்கால் கையிலை வைச்சுப் பார்த்திருப்பம்.”

அவ சூப்பைக் குடிக்கத் தொடங்கினா. அதற்குப் பிறகும் என்னோடு கதைத்தா; மழையைப் பற்றி, உப்புக் கூடினதைப் பற்றி. அந்தக் கொட்டகையைப் பற்றி ஒரு சொல்கூடச் சொல்லவில்லை.