ஜவாஹிரிடம் கேட்கப் போன மன்னிப்பு

என் கணவர் முத்லக் இருபத்திரண்டு வருடம் ரியாத்தில் மார்க்கக் காவலராக இருந்தவர். பிப்ரவரி பிறந்தால் போதும், மனிதர் வீடு தங்க மாட்டார். பூக்கடை பூக்கடையாக ஏறி இறங்கி, காதலர் தினம் முடியும்வரை சிவப்பு ரோஜா, சிவப்புக் காகிதம், சிவப்பு ரிப்பன் எதுவும் வெளியே தெரியாமல் பார்த்துக்கொள்வார். சாயங்காலம் வந்து காலை நீட்டி உட்கார்ந்து, எத்தனை வாளி ரோஜாவைக் குப்பையில் கொட்டினோம் என்று கணக்குச் சொல்வார். எனக்கு ஒரு பூ வாங்கிக் கொடுத்ததில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ஒரு வருடம் கடை வாசலில் ஒரு பையன் ரோஜாக் கொத்தோடு பிடிபட்டான். அட்டையில் ஜவாஹிர் என்று பெயர். அவள் தன் மனைவி, நிக்காஹ் ஆகிவிட்டது, விருந்து மட்டும்தான் பாக்கி என்று கெஞ்சினான். கையில் நிக்காஹ் சீட்டு இல்லை. இவர் அந்தப் பெண்ணின் தகப்பனாருக்கே போன் போட்டார். உங்கள் மகள் பெயரெழுதிய சிவப்புப் பூவோடு ஒருவனைப் பிடித்திருக்கிறோம், உங்கள் மருமகன்தானா என்று கேட்டார். அங்கே மஜ்லிஸ் கூடம் நிறைய விருந்தாளிகள், இவர் உரக்கப் பேசியது அவர்கள் காதிலும் விழுந்திருக்கிறது. தகப்பனார் "ஆமா" என்ற ஒரே சொல்லோடு போனை வைத்துவிட்டார்.

இவரும் பையனை விட்டுவிட்டார், முறைப்படிதான் செய்தோம் என்ற நிம்மதியோடு. ஒரு மாதம் கழித்துத்தான் பூக்கடைக்காரர் சொன்னார். விருந்தாளிகள் முன்னால் மானம் போனதென்று தகப்பனார் அந்த வாரமே மாப்பிள்ளை கொடுத்த மஹர் பணத்தைத் திருப்பிக் கொடுத்துத் தலாக் வாங்கிவிட்டாராம். அன்று அறைக்கதவைச் சாத்திக்கொண்ட பெண் இன்னும் வெளியே வரவில்லையாம்.

அன்றிலிருந்து இவர் பழைய ஆளில்லை. தொழுகையில் ரக்அத் எண்ணிக்கை தப்பியது. வீட்டில் போன் அடித்தால் முகம் வெளுத்தது. யாராவது "ஆமா" என்றால்கூடத் திரும்பிப் பார்ப்பார். வேலையை விட்ட பிறகு, காலம் மாறி, அதே கடையில் ரோஜாவை வாசலிலேயே வைத்து விற்றார்கள். யாரும் தடுக்கவில்லை. காரை நிறுத்திப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இப்போ இது தப்பில்லேன்னா, அன்னிக்கு நான் பண்ணினது என்ன, உம்மு தாமிர்?" என்றார். தாமிரின் அம்மா என்று மகன் பெயரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுவார்.

எங்கள் மார்க்கத்தில் ஒரு கணக்கு உண்டு. மனிதருக்குச் செய்த அநியாயத்தை அந்த மனிதரே மன்னிக்க வேண்டும். இல்லாவிட்டால் மறுமைத் தீர்ப்பின்போது அவர் நம்மைப் பிடித்து நிறுத்துவார். ஜவாஹிர் பெண்கள் மருத்துவமனையில் மருந்தாளராக இருப்பதை இவர் விசாரித்து வைத்திருந்தார். அந்நியப் பெண் முன்னால் தான் போய் நிற்பது முறையல்ல, நீ போ என்றார். எனக்கு எரிச்சலாக வந்தது. செய்வது இவர்கள், தூது போவது நாங்கள். ஆனாலும் போனேன்.

மதிய நேரம், மருந்து கொடுக்கும் கண்ணாடித் தடுப்பு முன்னால் கூட்டமில்லை. ஜவாஹிர் மாத்திரைப் பெட்டிகளை அடுக்கியபடியே நான் வந்த விஷயத்தைக் கேட்டுக்கொண்டாள். முப்பத்தைந்து இருக்கும். அழவில்லை. சித்தி முறை வைத்துத்தான் பேசினாள்.

"அப்பாகிட்ட போன்ல பேசினப்போ உங்க வீட்டுக்காரர் உங்களை வெச்சா பேசினார், காலா?"

"இல்லம்மா. அவரேதான்."

"அப்போ இதையும் அவரே வந்து கேக்கட்டும். இந்தக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு கேக்கட்டும், போதும். நான் மன்னிச்சுடறேன். நீங்க கேட்டா மாட்டேன்."

நியாயமான பேச்சு. அதைச் சொல்லத்தான் காருக்கு வந்தேன். உள்ளே இவர் தஸ்பீஹ் மணியை இறுகப் பிடித்து, பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளை மாதிரி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். போகமாட்டார் என்று எனக்குத் தெரியும். முறையல்ல என்று வீட்டிலேயே உட்கார்ந்து செத்துப்போவார்.

"மன்னிச்சுட்டா," என்றேன்.

ஸ்டியரிங்கில் தலை சாய்த்து அழுதார். அன்று பல வருடங்களுக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டார். இனி அவர் அந்தக் கண்ணாடி முன்னால் போக எந்தக் காரணமும் இல்லை. ஒருவேளை போயிருப்பாரோ? அதைத் தெரிந்துகொள்ளும் வழியையும் நான்தான் அடைத்துவிட்டேன். உண்மையைச் சொல்ல எத்தனையோ முறை வாயெடுத்தேன். சிரித்துக்கொண்டிருக்கும் முகத்தில் எப்படிச் சொல்வது?

போன மாதம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். ஆம்புலன்ஸில் என் விரலைப் பற்றிக்கொண்டார்.

"எனக்குப் பயமில்ல, உம்மு தாமிர். என்னைப் பிடிச்சு நிறுத்த அங்க யாரும் இல்ல."

நான் தலையாட்டினேன்.